எதிராளிக்காக ஓட்டுக் கேட்டவள்

என் தொழில் சத்தம் போடுவது. ஆட்டோவின் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு காரைக்கால் தெருக்களில் மெதுவாகப் போவேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் குடமுழுக்கு, தர்கா கந்தூரி, தேர்த் திருவிழா, சாவு அறிவிப்பு எல்லாம் என் வாயிலிருந்துதான் ஊருக்குப் போகும். தேர்தல் வந்தால் வேட்பாளரின் புகழும் போகும். குரல் ஒன்றுதான். சாவுக்குக் கொஞ்சம் இழுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

படிப்பு எட்டாவதோடு நின்றது. பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்பா இறந்தார், நான் பஸ் ஏறினேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, மங்களூரில் ஐஸ் உடைக்கிற வேலை, அப்புறம் பம்பாய், அப்புறம் சார்ஜாவில் செங்கல் சுமக்கிற வேலை. எங்கேயும் கால் தரிக்கவில்லை. சில ஊர்களில் பஸ் நிலையத்தில் படுத்தேன். சில ஊர்களில் அறைக்குப் பத்துப் பேராகப் படுத்தோம். பஸ் நிலையத்தில் காற்றாவது வரும். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவள் பேச ஆரம்பித்த பிறகுதான் தலத்தெருவில் ஒரு வாடகை வீட்டில் நிலைத்தேன். அப்போதும் வீட்டுக்குள் இருக்கிற வேலை பிடிக்கவில்லை. ஆட்டோவும் மைக்கும் எனக்குத் தோதாக இருந்தன.

மகளை டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் பள்ளியில் சேர்த்தோம். அங்கே ஒவ்வொரு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு மாணவித் தலைவியைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்ற பள்ளிகளிலும் அது உண்டு. ஆனால் இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருக்கிறது. நான் எத்தனையோ ஊர் சுற்றியும் வேறு எங்கும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. இரண்டு பேர் போட்டியிட்டால், காலைக் கூட்டத்தில் ஒவ்வொருத்தியும் மேடை ஏறி எதிராளிக்காக ஓட்டுக் கேட்க வேண்டும். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. கேள்விப்பட்டதையும் சொல்லக்கூடாது. எதிராளியிடம் தன் கண்ணால் பார்த்த நல்லதை மட்டும் சொல்லலாம்.

அந்த வருஷம் என் மகள் போட்டியிட்டாள். எதிரே நின்றவள் கோட்டுச்சேரிமேட்டு மீனவர் வீட்டுப் பெண். எறிபந்து அணியின் கேப்டன். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே அணி, ஆனால் அப்படி ஒன்றும் நெருக்கம் கிடையாது.

என் மகளுக்கு அந்தப் பதவி மேல் உயிர். ஆறாவது படிக்கும்போதே தலைவியின் நீலப் பட்டையைப் பற்றி வீட்டில் பேசுவாள். ஜெயித்தால் அந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு ஒரு நாள் என் ஆட்டோவின் முன் சீட்டில் உட்கார்ந்து டவுனைச் சுற்ற வேண்டும் என்பாள். பின் சீட்டு இல்லை, முன் சீட்டு. எட்டாவதோடு நின்றவன் மகளுக்கு இப்படி ஓர் ஆசை வந்ததில் எனக்கு உள்ளூர ஒரு கிறுக்குச் சந்தோஷம். நானும் களத்தில் இறங்கிவிட்டேன். தேர்தல் என் தொழில் அல்லவா.

முதல் காரியமாக, எதிராளியைப் புகழ ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தேன். மகள் அதை அடுப்படி வாசலில் நின்று சத்தமாக வாசித்தாள்.

“கோட்டுச்சேரிமேடு தந்த கோமேதகமே, பாசத்தின் பிறப்பிடமே, பண்பின் சிகரமே, பழகுவதற்கு இனியவரே…”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள்.

“அந்தப் பொண்ணு எப்ப செத்துச்சு?”

மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னது சரிதான். முந்தின வாரம் ஓர் அரிசி ஆலைக்காரர் சாவுக்கு இதே வரிகளைத்தான் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு வேட்பாளருக்கு.

“அப்பா, இது யாருக்கு வேணாலும் பொருந்தும்பா,” என்றாள் மகள். “கண்ணால பாத்ததச் சொல்லணும். நான் அவள வகுப்புல மட்டுந்தான் பாத்துருக்கேன். டெய்லி லேட்டா வருவா. அதச் சொல்லவா?”

“சொல்லேன்.”

“நல்லதச் சொல்லணும்பா.”

“அப்ப அவ வீட்டுக்குப் போயிப் பாப்போம். காலைல கௌம்பு.”

கோட்டுச்சேரிமேட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகுகள் கரையேறிவிட்டிருந்தன. அந்தப் பெண்ணின் அம்மா மீன் கூடையில் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். சந்தைக்குப் போகிற அவசரம். ஆட்டோவில் ஸ்பீக்கரைப் பார்த்ததும் பதறிப்போய், “யாருண்ணே போயிட்டாங்க?” என்றார்.

“யாரும் போவலம்மா. எம் மவளும் உங்க மவளும் ஒரே வகுப்பு. ஸ்கூல்ல எலெக்‌ஷன். உங்க மவளப் பத்தி நல்லதா நாலு வார்த்த பேசணுமாம், அதான் பாத்துட்டுப் போலாம்னு.”

“எதுத்து நிக்கிற புள்ளயா நீ? வா தாயி, ஒக்காரு. நல்லத நீயே தேடிக்க, எனக்குத் தெரிஞ்சு இல்ல. நல்லாத் திம்பா. போன வருஷம் அம்பகரத்தூர் கோயில்ல எங்க நாத்தனா பேரனுக்குக் காதுகுத்து. ஒரு பொட்டப்புள்ள மூணு பந்தியிலயா ஒக்காரும்? பரிமாறுனவன் கைய எடுத்துக் கும்பிட்டான்.”

தலை பின்னிக்கொண்டிருந்த அந்தப் பெண் உள்ளே இருந்து, “எம்மா!” என்று கத்தினாள். வெளியே வந்து நின்றவளின் முகத்தில் ரத்தம் இல்லை. அவள் பார்த்தது தன் அம்மாவை அல்ல, என் மகளை.

என் மகள் பார்வையைத் தாழ்த்தி மீன் கூடையைப் பார்த்தாள். “எது அத்தை, அந்த வெயில் காலத்துக் காதுகுத்தா?”

“வெயிலு எங்க? அன்னைக்குத்தான் ஒங்க ஸ்கூல்ல ஏதோ பந்து வெளாட்டுன்னா. லீவு வுட்டுருக்காங்கன்னு சொன்னா.”

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று வேகமாக நடந்தாள். மகள் கேட்டுக்கொண்டதால் நானும் அவள் பின்னாலேயே ஆட்டோவை விட்டேன்.

மினி பஸ் வந்து நின்றது. அந்தப் பெண் ஏறவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில், கை கம்பியில். சின்ன வகுப்புப் பிள்ளைகள் மணலில் செருப்பு புதையப் புதைய ஒவ்வொன்றாக ஓடி வந்தார்கள். கண்டக்டர் விசில் ஊதினார்.

“ஏறு, இல்ல எறங்கு.”

“ரெண்டும் மாட்டேன்ணே. அந்தா பாருங்க, ரெண்டு புள்ள வருது.”

“நீ என்ன பஸ் ஓனரா?”

“ஓனரா இருந்தா ஒங்கள எப்பவோ வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்ணே.”

பஸ்ஸுக்குள் சிரிப்பு. கண்டக்டரும் சிரித்துவிட்டார். அம்மாக்கள் எல்லாம் விடியும் முன்பே கரைக்குப் போய்விடுகிற ஊர் அது. பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து, தாங்களாகவே கிளம்பி வர வேண்டும். கடைசிப் பிள்ளையைத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டு, பஸ் நகர்ந்த பிறகு அவள் ஏறினாள். படியில் தொங்கியபடி எங்களைப் பார்த்து, “பெருசா ஒண்ணும் நெனச்சுக்காத! தனியா லேட்டா போனா திட்டுவாங்க. கூட்டமாப் போனா விட்டுருவாங்க!” என்று கத்தினாள்.

டவுனை நோக்கிப் போகும்போது மகள் முன்னால் போன மினி பஸ்ஸையே பார்த்துக்கொண்டு வந்தாள். கோட்டுச்சேரி தாண்டிய பிறகு விஷயத்தைச் சொன்னாள். காதுகுத்து நடந்த அதே நாளில்தான் மற்றொரு பள்ளியோடு எறிபந்து ஆட்டம். கேப்டன் காய்ச்சல் என்று வரவில்லை. அவள் நிற்க வேண்டிய இடத்தில் என் மகள் நின்று ஆடினாள். கீழே விழுந்து முழங்கால் கிழிந்தது, அணி தோற்றது. அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுதது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆட்டத்துக்காக இவ்வளவு அழுவார்களா என்று நான் கிண்டல் செய்ததும் ஞாபகம் இருந்தது.

நான் ஆட்டோவை ஓரம் கட்டினேன்.

“பாப்பா, நீதான் லீடர். முடிஞ்சு போச்சு.”

“எப்படி?”

“இது ஒண்ணு போதும். மேடையில சொல்ல வேண்டாம். அது தப்பு, உங்க சிஸ்டர் புடிச்சுக்குவாங்க. டீம்ல ஒருத்தி காதுல போடு. ‘யார்கிட்டயும் சொல்லாத’ன்னு சொல்லிப் போடு. சாயந்தரத்துக்குள்ள ஸ்கூல் பூராப் போயிரும். ஒம் பேரே வராது.”

பொய் ஒன்றும் இல்லையே, நடந்ததுதானே என்றேன். பெரிய தேர்தல்களில் இதை விடச் சின்ன விஷயத்துக்கு ஆட்கள் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உடனே மறுத்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கையை மடியில் வைத்து, நகத்தால் நகத்தைக் கீறிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பட்டை வேண்டியிருந்தது.

பிறகு, “அவங்கம்மா நம்மள ஒக்காரச் சொன்னாங்கப்பா,” என்றாள்.

“அதுக்கு?”

“அதுக்குத்தான். வண்டிய எடுங்க. பெல் அடிச்சிரும்.”

பேச்சு நாளில் நானும் மைதானத்தில் இருந்தேன். பள்ளியின் ஆம்ப்ளிஃபையர் மழையில் நனைந்து பழுதாகியிருந்ததால் தலைமை சிஸ்டர் என் மைக் செட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். நான் கேட்டே விட்டேன்.

“இது என்னங்க சிஸ்டர் மொற? எதுத்து நிக்கிறவளுக்கு எவளாச்சும் ஓட்டுக் கேப்பாளா?”

“அவங்கவங்க தன்னப்பத்தியே பேசுறத ரொம்ப வருஷம் கேட்டோம்ங்க. நாங்களே தூங்கிட்டோம்,” என்று சொல்லிவிட்டு, “சத்தம் பின்வரிசை வரைக்கும் போவணும்,” என்று நகர்ந்தார்.

ஜெபம் முடிந்தது. முதலில் என் மகள் ஏறினாள். எந்தப் பேச்சையும் எழுதிக்கொண்டு வரவில்லை.

“நம்ம கேட்டுல டெய்லி லேட்டா வந்து நிக்கிற கூட்டத்த எல்லாரும் பாத்துருப்பீங்க. நான் பாத்துச் சிரிச்சிருக்கேன். அது எப்படி லேட்டாவுதுன்னு போயிப் பாத்தேன்,” என்று ஆரம்பித்தாள். படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நின்றே காட்டினாள். கண்டக்டர் மாதிரிப் பேசினாள், அந்தப் பெண் மாதிரிப் பதில் சொன்னாள். மைதானம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த கோட்டுச்சேரிமேட்டுச் சிறுமிகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். “பஸ்ஸு அவளோடது இல்ல. அந்தப் புள்ளைங்கள்ல ஒண்ணும் அவ தங்கச்சியும் இல்ல. எல்லாரும் ஏறுனப்புறம் ஏறுவா. நமக்கு லீடரா இருந்தாலும் அப்படித்தான் இருப்பா. அவளுக்கு ஓட்டுப் போடுங்க.”

அரை மனசோடு பேசியிருந்தால் குரலிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். அது என் தொழில். அவள் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் பேசினாள். முடித்துவிட்டு இறங்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

அடுத்து மற்றவள். பஸ்ஸில் அவ்வளவு வாய் பேசியவளுக்கு மைக் முன்னால் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என் கையில் திருகு இருந்தது. ஒருவர் குரலை ஏற்றி இன்னொருவர் குரலை இறக்குவது மைக் செட்காரனுக்கு விரல் வேலை. சில மேடைகளில் அதற்கென்றே கூப்பிடுவார்கள். நான் திருகை வலது பக்கம் முழுக்கத் திருப்பினேன். அவள் மூச்சு விடுவதுகூட மைதானத்துக்குக் கேட்டது.

“எனக்குப் பேச வராது. இவள எனக்கு அவ்வளவாத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு பாத்தேன். அதச் சொல்லணும்னா என்னப்பத்தி ஒண்ணு சொல்லணும். சிஸ்டர், அது ரூல்ல இல்ல. இருந்தாலும் சொல்றேன்.”

மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“போன வருஷம் த்ரோபால் மேட்ச் அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல. அம்பகரத்தூர்ல காதுகுத்துக்குப் போயிருந்தேன். பொய் சொல்லிட்டுப் போனேன். இவதான் என் எடத்துல நின்னா. விழுந்து முட்டி கிழிஞ்சது இவளுக்குத்தான். எங்கம்மா ஒளறுனதுல இவளுக்கு அது தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச அன்னைக்கிலேருந்து நான் டெய்லி எல்லாரு மூஞ்சியயும் பாத்துக்கிட்டே இருக்கேன், யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கான்னு. டீம்ல இருக்கவங்க சொல்லுங்க, யாருக்காச்சும் தெரியுமா?”

யாரும் பேசவில்லை.

“தெரியாதுல்ல? அதான் இவ. இவளுக்கு ஓட்டுப் போடுங்க.”

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். இறங்கலாமா என்று தெரியாத மாதிரி நின்றாள். சிஸ்டர் எழுந்து மைக்குக்கு வந்தார்.

“காய்ச்சல் எறங்கிருச்சா?”

“எறங்கிருச்சு சிஸ்டர்.”

“சாயந்தரம் உன் டீமப் பாத்துப் பேசு. அவங்க என்ன சொல்றாங்களோ அதக் கேட்டுக்க.”

மைதானத்தில் அப்போதுதான் மூச்சு வந்தது. சிரிப்பும் வந்தது.

ஓட்டு முடியும் வரை நான் வேண்டுமென்றே வயரை மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என் கணக்குப்படி என் மகள் ஜெயித்துவிட்டாள். தன் வாயால் தன்னைக் கவிழ்த்துக்கொண்டவன் ஜெயித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கோட்டுச்சேரிமேட்டுப் பெண்தான் ஜெயித்தாள், அதுவும் இழுபறி இல்லாமல். அந்தப் பள்ளி வழக்கப்படி தோற்றவள் துணைத் தலைவி.

வீட்டுக்குப் போகும்போது மகள் பின் சீட்டில் உட்கார்ந்தாள். தெருவைப் பார்த்தபடி வந்தாள்.

“ஜெயிச்சிருக்கலாம்ப்பா.”

“ம்.”

“நீங்க சொன்ன மாரி காதுல போட்டிருந்தா ஜெயிச்சிருப்பேனா?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “ஜெயிச்சிருப்ப.”

அவள் அழுதாள். கண்ணாடியில் தெரிந்தது. பாலம் தாண்டிய பிறகு, “பசிக்குதுப்பா,” என்றாள். பரோட்டாக் கடையில் நிறுத்தினேன். நன்றாகச் சாப்பிட்டாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சிகரம், பிறப்பிடம், கோமேதகம் என்று இருந்த வார்த்தைகளை எல்லாம் முன்னாலேயே வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டேன். சாப்பிடுகிறவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இலையில் இன்னொரு கரண்டி சால்னா ஊற்றச் சொன்னேன்.

பதவி ஏற்கிற நாளுக்கு மறுபடியும் என் மைக் செட்தான். இந்த முறை அறிவிப்பும் நானே செய்ய வேண்டும் என்று சிஸ்டர் கேட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அங்கே போன பிறகுதான் இன்னொரு வழக்கத்தைச் சொன்னார்கள். தலைவிக்கு நீலப் பட்டையைக் குத்த வேண்டியவர் தோற்றவளின் பெற்றோர். துணைத் தலைவிக்குக் குத்த வேண்டியவர் ஜெயித்தவளின் பெற்றோர்.

அந்த அம்மா சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். சேலைத் தலைப்பில் கையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு, “மீன் வாடை வருமே தாயி,” என்றார். என் மகள் குனிந்து தோளைக் காட்டி, “இருக்கட்டும் அத்தை, குத்துங்க,” என்றாள். துணைத் தலைவியின் பட்டை பச்சை. அது அவள் ஆசைப்பட்ட நிறம் இல்லை. ஆனால் நிமிர்ந்தபோது அவள் நின்ற தோரணையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அடுத்தது என் முறை. தலைவியை அறிவிக்க மைக்கை வாயருகே கொண்டுபோனதும் பழக்கத்தில் ‘பாசத்தின்’ என்று வாயில் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். “கோட்டுச்சேரிமேட்டு மினி பஸ்ல கடைசியா ஏறுற பொண்ணு, மேடைக்கு வாங்க,” என்றேன். முன்வரிசைச் சிறுமிகள் கூச்சல் போட்டார்கள்.

அவள் வந்து நின்றாள். என் ஒரு கையில் மைக், ஒரு கையில் ஊக்கு. ஐஸ் உடைத்த கை, செங்கல் சுமந்த கை. அந்தச் சின்ன ஊக்கைத் திறக்க அதற்கு வரவில்லை. மைக்கை அணைக்க வேண்டும் என்பது இத்தனை வருஷத் தொழிலில் அன்றைக்குத்தான் எனக்கு மறந்துபோனது.

“அங்கிள், பாத்து. குத்திராதீங்க,” என்று அவள் மெதுவாகச் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது.

“பயப்படாதம்மா. எனக்குத்தான் பயமா இருக்கு,” என்றேன். அதுவும் கேட்டது.

மைதானம் சிரித்தது. பச்சைப் பட்டையோடு நின்றிருந்த என் மகள் வந்து, என் கையிலிருந்த மைக்கை வாங்கி அணைத்துவிட்டு, நீலப் பட்டையின் ஒரு நுனியை நேராகப் பிடித்துக்கொண்டாள். நான் ஊக்கைக் குத்தினேன்.

சாயந்தரம் தலைவி நீலப் பட்டையோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள், சிறுமிகள் சூழ. என் மகள் ஆட்டோவுக்கு வந்தாள். வழக்கமான பின் சீட்டைத் தாண்டிப் போய், ஆம்ப்ளிஃபையரை நகர்த்தி வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தாள்.

“டவுன ஒரு சுத்து சுத்திட்டுப் போலாம்பா,” என்றாள்.